முதலில் அவள் யாரிடம் சொன்னாள்

என் மகள் நித்யாவுக்குக் கல்லீரல் இறுகிப் போயிருக்கிறது. அவள் குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லீரல் என்றதும் கேட்பவர் முகத்தில் ஒரு கேள்வி எழுகிறது. வாய்விட்டுக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். கேட்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவள் கண் மஞ்சளானது. சாதாரண காமாலை என்று நினைத்தோம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். மஞ்சள் போகவில்லை. ரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, கல்லீரலில் ஊசியால் ஒரு துளி சதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆட்டோஇம்யூன்" என்றார்கள். நோய்க் கிருமிகளோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல், சொந்தக் கல்லீரலையே வேற்றாள் என்று நினைத்துத் தாக்குவது. நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் பல வருடம் தாக்கியிருந்தது. புண் ஆறி ஆறித் தழும்பாகி, கல்லீரல் கரடுமுரடாகச் சுருங்கியிருந்தது. அதற்குத்தான் சிரோசிஸ் என்று பெயர்.

இரண்டு முறை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்து இப்போது நன்றாக இருக்கிறாள். நான் இதை எழுதுவது, இந்த நோய் உள்ள வேறு யாராவது ஒரு வீட்டில் ரத்தக் கசிவை அடையாளம் தெரியாமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காக. வேறொரு காரணமும் இருக்கிறது. அது எழுத எழுதத் தெரிந்துவிடும்.

நான் கச்சிராயபாளையத்துக்காரன். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இந்த நோயைப் பற்றி டாக்டர்கள் எத்தனையோ படம் போட்டுக் காட்டினார்கள். எனக்குப் புரிந்தது எங்கள் ஊர் வாய்க்காலை வைத்துத்தான். கோமுகி அணையிலிருந்து வரும் தண்ணீர் பெரிய மதகு வழியாகக் கரும்புக் கொல்லைகளுக்குப் பாய்கிறது. மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்காது. பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்னக் கிளை வாய்க்கால்களில் ஏறும். அந்த வாய்க்கால்களின் கரை அவ்வளவு தண்ணீரைத் தாங்கக் கட்டியது அல்ல. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தமும் அப்படித்தான். இறுகிய கல்லீரல் அதை உள்ளே விடாது. அந்த ரத்தம் உணவுக்குழாயின் சுவரிலும் இரைப்பையின் சுவரிலும் உள்ள மெல்லிய நாளங்களில் ஏறி அவற்றைப் புடைக்க வைக்கிறது. ஒருநாள் கரை உடைகிறது. வலி இருக்காது. அதுதான் கொடுமை.

நித்யாவுக்கு உணவுக்குழாயில் புடைத்திருந்த நாளங்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் கட்டி, திரும்பி வருவோம். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறுவதற்கு முன் அவளுக்கு இட்லி வாங்கிக் கொடுப்பேன். சாம்பாரில் உப்பு அதிகம் என்று வெறும் இட்லி. அவள் என்னைப் பார்த்து, "வாத்தியாரே, இன்னா தண்டன இது?" என்பாள். அந்தப் பயணங்களில் நாங்கள் இருவர் மட்டும். அவை எனக்குப் பிடித்திருந்தன என்று சொன்னால் தப்பாக நினைக்கலாம். ஆனால் பிடித்திருந்தன.

பிறகு அவளுக்கு வெள்ளிமலையில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை கிடைத்தது. கல்வராயன் மலை மேல் தினமும் ஏறி இறங்க ஒரு தனியார் மினி பஸ். அதன் டிரைவர் முருகேசன். மலையிலேயே பிறந்தவர். மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம். ஒருநாள் அவர் தன் அண்ணனோடு எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோயைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். விரும்பினேன் என்றே சொல்லலாம்.

"தெரியும் மாமா," என்றார். "பஸ்ல வரப்பவே எல்லாம் சொல்லிச்சு. வளையம் போட்டது, மாத்திர, எல்லாம்."

அன்றைக்குத்தான் அது முதல்முறையாக எனக்குள் குத்தியது. சொந்தத் தங்கைக்குக்கூடச் சொல்லாமல் நான் மூடி வைத்திருந்த விஷயத்தை, என் மகள் பஸ் இன்ஜின் மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு டிரைவரிடம் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணம் ஆகி முதல் ஆடிக்குச் சீரோடு போய் அவளை அழைத்து வந்தோம். அது வழக்கம். அடுத்த வருட ஆடிக்கும் நான் போய் நின்றேன். என் மனைவி கமலாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ரெண்டாவது வருசத்துக்கு யாருங்க ஆடிக்குக் கூட்டியாருவாங்க? ஊரே சிரிக்கும்."

"மலையில மழை ஜாஸ்தியா இருக்குது. கொஞ்ச நாள் ரெஸ்ட்டா இருக்கட்டும்."

"மழையா? இங்க வெயில் மண்டையப் பொளக்குது. மாப்ளகிட்டேர்ந்து புடுங்கியாரணும், அதான?"

முருகேசன் மறுப்புச் சொல்லவில்லை. அவர் பஸ்ஸிலேயே கொண்டு வந்து விட்டார். மாத்திரை டப்பாவைத் திறந்து, எது காலை, எது ராத்திரி என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். எனக்கு! அந்த மாத்திரைகளை அவள் வாயில் போட்டவன் நான். "தெரியும் மாப்ள, தெரியும்," என்று டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

வந்த நாளிலிருந்து காலையில் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். பழைய வழக்கம். நாளங்களில் அழுத்தம் குறைவதற்காக ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். அது இதயத் துடிப்பையும் குறைக்கும். ரொம்பக் குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான் எண்ணுவேன். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வாரம் நாடி ஒழுங்காகத்தான் இருந்தது. அவள் முகம் வெளுத்திருந்ததைக் கமலா சொன்னாள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதையும் சொன்னாள். "நாடி சரியா இருக்குது," என்றேன். பிறகு பாண்டிச்சேரியில் டாக்டர் சொன்னார்: ரத்தம் இழந்தால் இதயம் வேகமாக அடிக்கும்தான், ஆனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வேகம் வெளியே தெரியாது. மாத்திரை அதை அமுக்கிவிடும். நாடியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள். பள்ளி விட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. முருகேசன்.

"மாமா, பயப்படாதீங்க. நித்யாவ ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க. நேத்துலேர்ந்து கருப்பா போவுதாம். தாரு மாரி."

"யாருக்கு?"

"நித்யாவுக்கு மாமா."

"அவ உள்ளதான் இருக்கா," என்றேன். முட்டாள்தனமான பதில்.

"தெரியும் மாமா. இப்பதான் போன் பண்ணிச்சு. வண்டிய மேல போட்டுட்டு நான் பைக்ல வரேன். நீங்க காத்துக்கினு இருக்காதீங்க."

கருப்பாகத் தார் போல மலம் போனால், இரைப்பையில் கசிந்த ரத்தம் செரித்து வெளியே வருகிறது என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். எத்தனையோ முறை அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஏதாவது என்றால் உடனே என்னிடம் சொல் என்று. அவள் பக்கத்து அறையில் இருந்தாள். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த என்னிடம் சொல்லாமல், மலை உச்சியில் இருந்த அவரிடம் சொல்லியிருக்கிறாள். என் மகளுக்கு உயிர் போகிற ஆபத்து என்ற செய்தி முதலில் அவர் காதுக்குப் போய், அங்கிருந்து என் காதுக்கு இறங்கி வந்திருக்கிறது.

நான் கதவைத் தள்ளியபோது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. ரத்தம் வந்தது. கமலா ஓடிவந்து வாளியைப் பிடித்தாள்.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை எங்களுக்குப் பக்கம். அது அவளைக் காப்பாற்றியது. இரண்டு கைகளிலும் ஊசி குத்தி, வயிற்று நாளங்களின் அழுத்தத்தைக் குறைக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கிருமி தொற்றாமலிருக்க ஒரு மருந்து போட்டார்கள். பிறகு ரத்தம். ஒரு பை ஏறி முடிந்ததும் நான் டாக்டரிடம், "இன்னொன்னு, இன்னும் ஒன்னு ஏத்துங்க, எத்தன வேணும்னாலும் ஆள் கூட்டியாரேன்," என்று மன்றாடினேன். அந்த இளம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இழந்ததை எல்லாம் அப்படியே திருப்பி ஏற்றக் கூடாதாம். ரத்தம் கூடினால் அந்த நாளங்களிலும் அழுத்தம் கூடி மறுபடி உடையும். போதுமான அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. மகள் வெளுத்துக் கிடக்கும்போது ரத்தம் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டால்தான் தெரியும்.

பாண்டிச்சேரிக்கு அனுப்புவதற்காக ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். பேனாவை எடுத்தேன்.

"நீங்க?" என்றார் நர்ஸ்.

"அப்பா."

"வூட்டுக்காரரு வரலியா?"

அப்போதுதான் முருகேசன் உள்ளே நுழைந்தார். தலையெல்லாம் புழுதி. என் கையிலிருந்த பேனாவை நர்ஸ் பார்த்தார். நான் முருகேசனிடம் நீட்டினேன். காப்பீட்டு அட்டைக்கும் அவர்தான். கல்யாணத்துக்குப் பிறகு நித்யாவின் பெயரை எங்கள் ரேஷன் கார்டிலிருந்து எடுத்து அவர்கள் கார்டில் சேர்த்திருந்தோம். அதற்கு அலைந்து வாங்கித் தந்தவனும் நான்தான்.

ஆம்புலன்ஸில் நோயாளியோடு ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். நித்யா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள். முருகேசன் பிடித்துக்கொண்டார். நானும் கமலாவும் வாடகைக் காரில் பின்னால் போனோம். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நடுவே எங்கள் கார் மாட்டிக்கொண்டது. ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு தூரமாகப் போய் மறைந்தது. கமலா மடியில் பையை வைத்துக்கொண்டு, "அவரு பக்கத்துல இருக்காரு, விடுங்க," என்றாள். அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

பாண்டிச்சேரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வெளியே பெஞ்சில் பக்கத்தில் ஓர் ஆள், திருநாவலூர்க்காரர். அவருக்கு உணவுக்குழாயில் உடைந்திருந்ததாம். வளையம் போட்டு முடிந்து, நாளைக்கு வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"உங்களுக்கு இன்னா சார்? குடியா?"

"எனக்கில்ல. எம் பொண்ணுக்கு."

அவர் வாயைப் பிளந்தார். "பொண்ணுமா குடிக்குது?"

"அவ டீகூடக் குடிக்க மாட்டா."

"பாருங்க சார், நான் இருவது வருசமாக் குடிச்சேன். எனக்கு ரப்பர் போட்டுச் சரி பண்ணிட்டாங்க. கடவுளுக்குக் கண்ணே இல்ல," என்று எனக்காக வருத்தப்பட்டார். நல்ல மனுஷன். அவர் மேல் எனக்கு வந்த பொறாமையில் அவரைப் பெஞ்சிலிருந்து தள்ளிவிட்டிருப்பேன். இருபது வருடம் குடித்த கல்லீரலுக்கு ரப்பர் போதும். என் மகளுக்குப் போதாது.

போதாது என்பதை அதற்குச் சற்று முன்புதான் டாக்டரம்மா வந்து சொல்லியிருந்தார். நாற்பது வயதிருக்கும். நின்றுகொண்டே பேசாமல் எங்கள் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். உணவுக்குழாயில் ஏற்கெனவே வளையம் போட்டுக் கட்டியிருந்த இடம் சுத்தமாக இருக்கிறது. உடைந்தது இரைப்பையின் மேல்பக்கத்தில். அங்கே நாளங்கள் ஆழத்தில், தடிமனாக இருக்கும். வளையத்துக்குள் அடங்காது. உணவுக்குழாயை விட அங்கே உடைவது குறைவு. உடைந்தால் ரத்தம் அதிகம் போகும். அதனால் குழாய் வழியாக ஊசி விட்டு, அந்த நாளத்துக்குள்ளேயே ஒரு வகைப் பசையைச் செலுத்த வேண்டும். ரத்தத்தைத் தொட்டதும் அது கல்லாக இறுகி அடைத்துக்கொள்ளும். பசை வேறெங்காவது நகர்ந்து போகும் ஆபத்துக் கொஞ்சம் உண்டு. செய்யாமலிருப்பது அதை விடப் பெரிய ஆபத்து.

"நாங்க ஒழுங்கா வந்துக்கினு இருந்தோமே டாக்டர்," என்றேன். "ஒரு தடவகூட விட்டதில்ல."

"தெரியுது சார். நீங்க விட்டதால வரல. இது தனி எடம்."

அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். முருகேசனைப் பார்த்து அல்ல. அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன்.

பசை வைத்தார்கள். ரத்தம் நின்றது. ஆனால் மறுநாள் நித்யா எங்கேயோ போய்விட்டாள். கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. குடலில் தங்கிய ரத்தம் செரிக்கும்போது அதிலிருந்து உண்டாகும் நஞ்சைக் கல்லீரல் வடிகட்ட வேண்டும். இறுகிய கல்லீரலால் முடியாதபோது அது மூளைக்கு ஏறிக் குழப்பும். பானகம் போல இனிப்பான ஒரு மருந்தைக் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். நர்ஸ் அவ்வப்போது வந்து கேள்வி கேட்டுப் பார்ப்பார்.

"இது யாரும்மா?" என்று முருகேசனைக் காட்டினார்.

"எங்க வூட்டுக்காரரு."

"இவரு?"

நித்யா என்னை நெடுநேரம் பார்த்தாள். "எங்க மேத்ஸ் சாரு," என்றாள்.

அவள் என் பள்ளியில்தான் படித்தாள். பத்தாம் வகுப்பில் என் வகுப்பில். பள்ளிக்குள் அப்பா என்று கூப்பிடக் கூடாது, மற்ற பிள்ளைகள் தப்பாக நினைப்பார்கள், சார் என்றுதான் சொல்ல வேண்டும் என்று நானே சொல்லி வைத்திருந்தேன். முருகேசனுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டு என் தோளைத் தொட்டார். "சரியாயிடும் மாமா." தோளை விலக்கிக்கொண்டேன்.

சரியானது. அந்த மருந்து வேலை செய்தது. தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அவரு சாப்ட்டாரா?"

ராத்திரியில் பெண்கள் வார்டில் கமலா இருந்தாள். பகலில் உள்ளே போக ஒருவருக்குத்தான் பாஸ். நானும் முருகேசனும் மாறி மாறி வைத்துக்கொள்வது என்று பேச்சு. என் முறை முடிந்து பாஸைக் கொடுக்கும்போது ஏதாவது ஒரு காரணம் சொல்லிக் கொஞ்ச நேரம் நீட்டிப்பேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார். ஒருநாள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கிறேன், அவர் தயிர் சாதத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டிருக்கிறார், நித்யா அவர் கையின் மேல் குனிந்திருக்கிறாள். ஊறுகாய்! அவளுக்கு உப்பே ஆகாது, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். எனக்கு ஏற்பட்டது கோபம் மட்டும் என்று சொன்னால் பொய். சந்தோஷமும் இருந்தது. நேராக நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சத்தம் போட்டார். முருகேசன் வெளியே வந்தார்.

"நான்தான் மாமா சாப்ட்டேன். அது வாயில வெக்கல. மோந்து மட்டும் பாத்துச்சு. வாசன புடிச்சா போதும்னுச்சு."

கமலா தலையில் அடித்துக்கொண்டாள். "பெத்த பொண்ணு ஊறுகாயை மோந்து பாத்ததுக்குப் பஞ்சாயத்து வெச்ச ஒரே ஆளு நீங்கதான். வயசாவுதே தவிர இன்னா புண்ணியம்?"

அவளுக்கு அது விளையாட்டு. ஒரு பிற்பகலில் என் முறை வந்தபோது நான் நித்யாவிடம் கேட்டே விட்டேன்.

"நான் பக்கத்து ரூம்லதான இருந்தேன். ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அவள் கையில் குத்தியிருந்த ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீ தப்பா நெனைக்காத. உங்கிட்ட சொன்னா ஒடனே உன் மூஞ்சி ஒரு மாரி ஆயிடும்பா. காலேஜ் படிக்கறப்பலேர்ந்து பாத்துக்கினு இருக்கேன். நான் என்னப் பாத்துக்கறதா, உன்னப் பாத்துக்கறதா?"

"அவருக்குப் பயம் இல்லியா?"

"அவருக்கும்தான் பயம். ஆனா போன்ல மூஞ்சி தெரியாதுல்ல."

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன், நாடி பார்ப்பது போல. பக்கத்திலேயே ஒரு திரையில் துடிப்பு பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இது ஒரே தடவையில் முடிகிற விஷயம் இல்லை. பசை வைத்த இடத்தைக் கொஞ்ச வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மறுபடி வைக்க வேண்டும். வலி மாத்திரை எதையும் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. கருப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, காரணமில்லாமல் மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஒரு கட்டத்தில் மாற்றுக் கல்லீரலைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே பெயர் பதிந்து வைக்கலாம். "எங்க தங்கப் போறீங்க?" என்று கேட்டார்.

எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. வெள்ளிமலையிலிருந்து கீழே இறங்க எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை கொண்டை ஊசி வளைவுகள், மழைக்காலத்தில் மரம் விழுந்தால் பாதை எப்படி அடைத்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே போனேன். சொன்னதெல்லாம் நிஜம். ஒன்றைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் சொல்லச் சொல்ல என் குரல் ஜெயிக்கிறவன் குரலாக ஆனதை நானே கேட்டேன். எது பயம், எது பொறாமை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியாது.

முருகேசன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "மாமா சொல்றது நெசம்தான் டாக்டர். நான் ஓனர்கிட்ட பேசிட்டேன். இனிமே வண்டி ராத்திரி மேல நிக்காது. கச்சிராயபாளையத்துல நிக்கும். கீழ ஒரு வூடு பாத்துருக்கேன்," என்றார்.

"எதுக்கு வேற வூடு?" என்றேன். "எங்க வூட்ல இல்லாத ரூமா?"

"வாடக வூடு போதும்பா," என்றாள் நித்யா.

எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. அவள் அலுவலகத்தில் நீண்ட விடுப்பு எடுத்தாள். முருகேசன் விடியும் முன் பஸ்ஸை எடுத்துக்கொண்டு மேலே போய், இருட்டிய பிறகு இறங்குவார். மலையில் வளர்ந்தவருக்குக் கீழே தூக்கம் பிடிக்கவில்லை என்றும், மின்விசிறியைச் சுழலவிட்டும் வேர்த்துக்கொட்டுகிறது என்றும் கமலா சொல்வாள். நான் காய்கறி வாங்கப் போகிற சாக்கில் அந்தத் தெரு வழியாகப் போவேன். சாயங்காலமாக இருந்தால் உள்ளே அவர்கள் பேசிச் சிரிப்பது கேட்கும். என் தலையைக் கண்டதும் சிரிப்பு நின்று, "வாங்க மாமா" வரும். எனக்கு அந்த மாமா வேண்டாம். அந்தச் சிரிப்பு வேண்டும்.

ஐப்பசியில் நல்ல மழை. ஒரு காலை பள்ளிக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். நித்யா குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். இந்த நேரத்தில் வர மாட்டாள்.

"அப்பா."

"இன்னாம்மா?"

"காலையிலேர்ந்து கருப்பாப் போவுதுப்பா. ரெண்டு தடவ."

இந்த வார்த்தைகளுக்காகத்தான் மூன்று மாதமாக ஏங்கியிருந்தேன். அவை எனக்கே முதலில் வந்தன. அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அது என்ன ஆகப் போகிறது என்று. நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினேன். நிமிரும்போது முகத்தில் ஒன்றும் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

"சரி. கெளம்பு," என்றேன். "தலை சுத்துதா?"

"கொஞ்சம்."

"மாப்ளகிட்ட சொன்னியா?"

"இல்லப்பா. இப்ப வளைவுல ஏறிக்கினு இருப்பாரு. வண்டி நெறைய ஜனம். சொன்னா கை நடுங்கும். மேல போயி நின்னப்புறம் சொல்லிக்கலாம்."

அதாவது, பயப்படுகிறவர் இப்போது அவர். தாங்குகிறவன் நான். என்னைத் தேர்ந்தெடுத்தாள் என்று நெஞ்சு ஒருமுறை நிமிர்ந்தது. நெஞ்சுக்குக் கூச்சமே கிடையாது.

கமலா பழைய ரிப்போர்ட்டுகளையும் மாற்றுத் துணியையும் பையில் திணித்தாள். வாடகைக் கார் வந்தது. அன்றைக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் மருந்து ஏற்ற ஆரம்பித்து அப்படியே பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். பசை வைத்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நாளம் லேசாகக் கசிந்திருந்தது. சாயங்காலமே அதற்கும் பசை வைத்தார்கள். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. மூளை குழம்பவில்லை. "சீக்கிரம் வந்துட்டீங்க," என்றார் டாக்டரம்மா. சீக்கிரம் சொன்னதால்தான் சீக்கிரம் வந்தோம். எவ்வளவு படித்த குடும்பமானாலும் இந்த நோயில் அதுதான் விஷயம். நோயாளிக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கேட்டுவிட்டு அந்த ஆள் நேராக நிற்க வேண்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது காரில் நடந்தது. நித்யா பின் இருக்கையில் கமலாவின் தோளில் சாய்ந்திருந்தாள். நான் அவளுக்கு அந்தப் பக்கம். பஸ் வெள்ளிமலையில் போய் நிற்கும் நேரம் பார்த்து நான் போன் போட்டேன். அவர் எடுத்தார். பின்னால் மழைச் சத்தம்.

"மாப்ள, வண்டிய நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேன் மாமா. இன்னா?"

"நித்யாவக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கினு போறோம். கருப்பாப் போயிருக்குது. வாந்தி இல்ல. நல்லாப் பேசுது. பக்கத்துலதான் இருக்குது."

மழைச் சத்தத்தின் நடுவே அவர் பஸ் கதவைச் சாத்துவது கேட்டது.

"எப்பலேர்ந்து மாமா?"

"காலையில."

"உங்ககிட்ட எப்ப சொல்லிச்சு?"

"ஸ்கூலுக்குக் கெளம்பறப்ப."

பிறகு அந்தக் குரல் வந்தது. சின்னக் குரல். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் குரல். அதை எனக்கு நன்றாகத் தெரியும்.

"எனக்கு ஒரு போன்கூடப் போடலியே மாமா."

நித்யா தலையைத் தூக்கினாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"போட்டா மாப்ள," என்றேன். "உங்களுக்குத்தான் மொதல்ல போட்டா. எத்தினியோ வாட்டி போட்டா. டவர் கெடைக்கல. அப்புறம்தான் எங்கிட்ட வந்தா."

"அதான பாத்தேன்," என்றார் முருகேசன். மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. "வளைவுல டவரே இருக்காது மாமா. நான் எறங்கி வரேன்."

"மெதுவா வாங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டேன். நித்யா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே கரும்புக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.